நம் பாட்டில் ஓடாத ஆறு

ஆற்றைக் குறித்து இந்நாட்டுத் தமிழ்க் கவிஞர் இயற்றும் செய்யுட்களை ஒருங்கே வைத்துப் பார்க்கும் நேயர்கள் ஓர் உண்மையை எளிதிற் காண்பர். அவற்றுட் பெரும்பாலானவற்றில் காவிரி புரளும், வையை நடக்கும், கங்கை பொங்கும். தாமரை மலரும், அன்னம் நீந்தும், செங்கயல் துள்ளும். பாடியவர் யாவர் என வினவினால், பிரிக்பீல்ட்ஸில் பிறந்தவர் என்பர். அல்லது கிள்ளான் வட்டாரத் தோட்டமொன்றில் வளர்ந்தவர் என்பர். அவர் நாள்தோறும் பாலத்தின் மேலாகக் கடந்து சென்ற கிள்ளான் ஆறு மட்டும் அப்பாட்டில் ஒரு துளியும் இராது. இக்குறையைப் பற்றியே ஈண்டு நாம் சில சொல்லக் கருதுகின்றோம்.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று இலக்கணம் வகுத்த மரபு நம்முடையது. நிலத்தை முதலில் நிறுத்தி, அதன் மரத்தையும் பறவையையும் தொழிலையும் கருப்பொருளாக்கி, அதன் பின்னரே மனித உள்ளத்தைப் பேசினர் பண்டையோர். அம்முறை கொண்டு கிள்ளான் ஆற்றை நோக்குவோம். அது தலைநகருக்கு வடகிழக்கே மலையிற் பிறந்து, ஏறத்தாழ 120 கிலோமீட்டர் ஓடிக் கடலிற் கலக்கிறது. தலைமாட்டில் வெண்படிகப் பாறைத் தொடர் ஒன்று சுவர்போல் நீண்டு கிடக்கிறது, அது குறிஞ்சி. கடைமாட்டில் கிள்ளான் துறைமுகத்தருகே உவர்ச்சேற்றில் வேரூன்றி நிற்கும் காடு நெய்தல். மலாய்க்காரர் பாக்காவ் என்றழைக்கும் மரங்களைச் சங்கப் புலவர் கண்டல் என்று பாடினர். அவர் கூறிய தாழையின் இனமும் இங்குண்டு. அவர் கூறிய நீர்நாயும் சிலாங்கூர்க் கரையோரத்தில் உண்டு. பெயரும் பொருளும் ஒருசேர இருக்க, இல்லாத அன்னத்தைத் தேடி நம் கவிஞர் ஏன் கடல் கடக்க வேண்டும்?

‘அது ஆறன்று, சாக்கடை, அதனை எவ்வாறு பாடுவது?’ என்பார் உளர். இத்தடை உரத்தது போலத் தோன்றினும் ஆராய்ந்தால் நில்லாது. பரிபாடலில் இன்று முழுமையாகக் கிடைக்கும் 22 பாடல்களுள் 8 வையையைப் பற்றியன. வையை பேராறு அன்று. கோடையில் மணலாய்க் கிடப்பது. அப்பாடல்களில் வருவதும் பளிங்கு நீரன்று. மலைச் சருகையும் மண்ணையும் வாரிக்கொண்டு கரையை உடைத்து வரும் கலங்கற் புதுவெள்ளம். கரையிலே கூட்டம், ஆரவாரம், வம்புப் பேச்சு, காதலர் ஊடல். ஊரின் வாழ்வு ஆற்றிற் கலந்திருந்தமையாலேயே அவை இலக்கியமாயின. நீர் தெளிந்திருந்தமையால் அன்று.

மதுரைக்குக் கூடல் என்பது ஒரு பெயர். கோலாலம்பூர் என்னும் மலாய்ப் பெயருக்கும் சேற்றுக் கூடல் என்றே பொருள் கூறுவர். கோம்பாக்கும் கிள்ளானும் கூடும் அவ்விடத்தில், 1909-இல் திறக்கப்பெற்ற ஜாமெக் பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. 1857-இல் ஈயம் தேடி வந்த சீனத் தொழிலாளர் படகேறி இவ்வாற்றின் வழியே அம்பாங்கை நோக்கிச் சென்றனர். காய்ச்சல் அவர்களுட் பெரும்பாலோரை மாய்த்தது. ஈயச் சுரங்கங்கள் கழுவிவிட்ட மண் ஆற்றுப் படுகையை மேடாக்கி வெள்ளத்தை வளர்த்தது. 1881-இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து ஊரை அழித்தன. அதன்பின் கட்டடங்களைச் செங்கல்லாற் கட்ட வேண்டுமென்ற ஆணை பிறக்க, ஆற்றோரத்துக் களிமண்ணைச் சுட்ட சூளைகளே பிரிக்பீல்ட்ஸுக்குப் பெயர் தந்தன. பின்னர் அங்கு இரயில்வேப் பணிமனையும் குடியிருப்பும் எழுந்தன. தென்னாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த தமிழர் அங்கே குடியேறினர். ஒரு நகரின் பெயரையும் ஒரு பேட்டையின் பெயரையும் சேற்றிலிருந்தே ஈன்ற ஆற்றுக்கு, அச்சேற்றையே குறையாகச் சொல்வது நன்றாமோ?

மற்றொரு தடை மனத்தைத் தொடுவது. கப்பலேறி வந்த முதல் தலைமுறையினர் காவிரியை நினைந்து கண்ணீர் விட்டனர். அதனைப் பழிக்கலாமோ என்பர். நாம் பழிக்கவில்லை. பிரிவைப் பாடுவது தமிழுக்குப் பழையது. விட்டு வந்த ஆற்றை ஏங்கிப் பாடியவர் தம் உள்ளத்து உண்மையையே பாடினர். ஆனால் அவருடைய பேரனும் அதே சொற்களால் அதே ஆற்றை ஏங்குவானாயின், அது ஏக்கமன்று, ஏட்டுப் படி. பாட்டனார் கண்டு பாடினார். பேரன் படித்துப் பாடுகிறான். இவ்விரண்டையும் வேறுபடுத்தாத விமரிசனம் விமரிசனமாகாது.

உரைநடையாளர் இத்துறையில் ஓரளவு முந்திவிட்டனர் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. அ. ரெங்கசாமி தம் நாவலுக்கு ‘லங்காட் நதிக்கரை’ என்று பெயரிட்டபோது, இம்மண்ணின் ஆறொன்று தமிழ் நூலின் முகப்பேறியது. அவ்வழியில் கிள்ளானும் கோம்பாக்கும் பத்து ஆறும் ஏன் நம் செய்யுளில் ஏறவில்லை என்பதே நம் வினா.

இது வெறும் சுவை பற்றிய பூசலன்று. 1926-ஆம் ஆண்டின் வெள்ளத்திற்கும் 1971-ஆம் ஆண்டின் வெள்ளத்திற்கும் பின்னர் இவ்வாறு வெட்டி நிமிர்த்தப்பட்டு, நகருக்குள் சிமிட்டிக் கரைகளுக்கிடையே அடைபட்டது. வெள்ளத்தைத் திருப்ப 9.7 கிலோமீட்டர் நீளச் சுரங்க வழி 2007-இல் திறக்கப்பெற்றது. கூடலிலே 2017-இல் நீல விளக்கும் செயற்கை மூடுபனியும் அமைத்தனர். கிள்ளான் பக்கம் 2019-இல் மிதக்கும் குப்பையை வாரும் பொறியை நிறுத்தினர். தென்னமெரிக்காவிலிருந்து வந்த உறிஞ்சுவாய் மீனினம் அழுக்கிலும் பிழைத்து இந்நீரிற் பெருகியது. மலாய்க்காரர் அதற்கு ‘மாநகர மீன்’ என்று பெயரிட்டனர். அந்நகைப்பில் எத்துணைக் கூர்மை! அத்தகைய ஒரு சொல்லை நம் கவிஞர் இதுவரை ஆக்கித் தந்தனரா?

2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாக் குடியிருப்பு மூழ்கியபோது உடைமை இழந்தவருள் நம்மவர் பலர். நீர் எத்தனை அடி உயர்ந்தது என்பதைச் செய்தித்தாள் சொல்லும். வடிந்த பின் சேறு படிந்த திருமணப் படத்தைக் கையிலேந்தி நிற்பவள் உள்ளத்தை இலக்கியமன்றோ சொல்ல வேண்டும்? காவிரித் தாமரையைக் கொண்டு அவளைப் பாட இயலாது.

நம் பங்குக் குற்றத்தையும் அவ்விலக்கியம் மறைத்தலாகாது. பத்துமலைத் திருவிழாவில் நீராடப் பத்து ஆற்றை நாடி வந்தவர்கள் நாம். ஆற்றைத் தாயென்று கும்பிட்டுவிட்டு, அதே கையால் மாலையையும் தாளையும் நெகிழிப் பையையும் அதில் எறிவது எந்தப் பக்தியைச் சேர்ந்தது? புனிதம் என்னும் சொல் நீரைத் தூய்மையாக்காது. எறியாத கையே தூய்மையாக்கும். இதனை இடித்துரைக்கும் பாட்டொன்று வருமாயின், யாப்புச் சற்றே தளர்ந்திருப்பினும் அதனை நாம் வரவேற்போம்.

கிள்ளானைப் புகழ்ந்து பாடுக என்று நாம் கேட்கவில்லை. பொய்ப்புகழ் காவிரிக்கே போதுமான அளவு குவிந்துள்ளது. கண்டதைக் கண்டபடி எழுதுக என்பதே நம் வேண்டுகோள். மழை பெய்த மாலையில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஆற்றுப் பாலத்தில் கால்நாழிகை நின்று பாருங்கள். தேநீர் நிறத்தில் நீர் ஏறும். சிமிட்டிக் கரைப் பிளவில் புல் அசையும். கொக்கொன்று ஒற்றைக் காலில் நிற்கும். பின்னர் வீட்டிற்குச் சென்று, அன்னத்தை விடுத்து, அக்கொக்கிலிருந்து தொடங்குங்கள்.