அக்காவின் நேரத்தில் நடக்கும் பள்ளி

திருத்தணி மலையடிவாரத்தில் நான் போயிருந்த அந்த வீட்டில் பிள்ளைகள் ஐந்து பேர். மூன்றாவது பிள்ளையான பையனுக்குப் பத்து வயது, மூளை முடக்குவாதம். சுவரோரம் மர நாற்காலியில், இடுப்பில் துணிப்பட்டை கட்டி உட்கார வைத்திருந்தார்கள். வாரம் ஒருமுறை வரும் சிறப்பாசிரியை அவன் கையில் எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்து, மேலே தன் கையையும் வைத்துக்கொண்டார். அரை டம்ளர் தண்ணீர். வாய்க்குப் போவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. “இன்னொரு தடவை தூக்குடா கண்ணா” என்றார். பையன் அசையவில்லை. பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தாமலே தெலுங்கில் “மள்ளீ தாகு” (மறுபடி குடி) என்றார். டம்ளர் மேலே போனது.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மூத்த பெண் நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மீதி ஆறு நாளும் அவள்தான் டீச்சர்.

ஆசிரியை வீட்டுக்கே வரும் இந்த ஏற்பாட்டுக்கு வீட்டுவழிக் கல்வி என்று பெயர். பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். கடுமையான குறைபாடோ ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகளோ உள்ள குழந்தை வீட்டிலிருந்தே படிக்கத் தேர்ந்துகொள்ளலாம் என்று 2012இல் ஒரு திருத்தம் வந்தது. வசதியுள்ளவர்கள் பள்ளி பிடிக்காமல் பிள்ளையை வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்து, தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் தேர்வெழுத வைப்பது வேறு கதை. இந்த வீட்டில் யாருக்கும் பள்ளி பிடிக்காமல் போகவில்லை.

வீட்டில் கற்பதன் பலத்தை முதலில் மனதாரச் சொல்ல வேண்டும். பயிற்சி அறையில் பிளாஸ்டிக் கோப்பையைப் பிடிக்கப் பழகிய குழந்தை வீட்டு டம்ளரைப் பிடிக்கத் திணறுவதுண்டு. ஓரிடத்தில் கற்றதை வேறிடத்துக்கு எடுத்துப்போவதுதான் இக்குழந்தைகள் பலருக்குக் கடினம். இங்கே அந்தச் சிக்கலே இல்லை. பழகுவதும் குடிப்பதும் ஒரே டம்ளரில். அம்மாவின் கூடையிலிருந்து கனகாம்பரத்தை ஒவ்வொன்றாக எடுத்துத் தருவதையே ஆசிரியை விரல் பயிற்சியாக மாற்றியிருந்தார். பூ நசுங்கினால் நஷ்டம், அதனால் பையனும் கவனமாகத்தான் எடுக்கிறான்.

மொழியும் அப்படித்தான். திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு நகர்ந்தாலும் பல வீடுகளில் பேச்சு இன்றும் தெலுங்குதான். மற்ற பிள்ளைகள் பள்ளி வாசலில் தமிழுக்குத் தாவிவிடுகிறார்கள். இவனுக்குத் தண்ணீர் என்றால் ‘நீள்ளு’. நாளெல்லாம் காதில் விழும் சொல்லிலிருந்துதான் இவன் படிப்பு தொடங்க முடியும்.

இனி நேரக் கணக்குக்கு வருவோம். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை படிக்கும் பிள்ளைகளுக்காக 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. ஒன்றரை ஆண்டுப் படிப்பை இழந்த பிள்ளைகளுக்கு மாலைதோறும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் தன்னார்வலர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளிக்கே போகாத இவனுக்குக் கிடைப்பது வாரத்துக்கு ஒரு மணி நேரம். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு தரும் பராமரிப்புத் தொகை மாதம் 2000 ரூபாய், நாளுக்கு 66 ரூபாய் சொச்சம்.

அம்மாவுக்குப் பயிற்சி கொடுத்தால் போதும் என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். சென்னையில் மதுரம் நாராயணன் மையமும், ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கமும் பெற்றோரைக் கூடவே வைத்துக்கொண்டு செய்யும் வேலை பெரியது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அம்மாவுக்கு ஐந்து பிள்ளைகள், சமையல், விடிவதற்குள் கடைக்குப் போக வேண்டிய பூ. பயிற்சி அவர் கையிலிருந்து மூத்த மகள் கைக்கு இறங்குகிறது. பையன்களைவிடப் பெண்களிடம்தான் இறங்குகிறது என்பதை நான் போன வேறு வீடுகளிலும் பார்த்திருக்கிறேன். பெரிய குடும்பம் என்றால் உதவிக்கு ஆள் இருக்கும் என்பார்கள். அந்த ஆளுக்கும் பள்ளி உண்டு.

நான்காவது குழந்தை காதுக்கருவி போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள். சண்டை போடுகிறாள், பென்சில் தொலைக்கிறாள், தோழியின் வாயசைவைப் பார்த்துப் பாட்டுகூட பாடுகிறாள். இதில் எதையும் வீட்டில் யாரும் சொல்லித்தந்திருக்க முடியாது. அண்ணனுக்குத் தெரிந்த மனிதர்கள் வீட்டிலுள்ளவர்களும் ஆசிரியையும் மட்டும்தான்.

சட்டத்தில் ‘தேர்ந்துகொள்ளலாம்’ என்றிருக்கும் சொல் பள்ளி வாசலில் என்னவாகிறது என்று பார்க்க வேண்டும். சாய்தளம் இல்லை, கழிப்பறைக்குத் தூக்கிப்போக ஆயா இல்லை. “வீட்லயே இருக்கட்டும்மா, டீச்சர் வருவாங்க” என்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 6 முதல் 18 வயதுவரை பக்கத்துப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிப்பது அவன் உரிமை. வேறு வழியே காட்டாமல் ஒன்றை நீட்டிவிட்டு அதைத் தேர்வு என்று சொல்லக்கூடாது. வாரத்தில் மூன்று நாளாவது வண்டியும் துணையாளும் கொடுத்து அவனைப் பள்ளிக்குக் கூட்டிப்போக வேண்டும். மற்ற நாளில் டம்ளரும் பூவும் வீட்டில் இருக்கட்டும். அந்த நாட்களுக்கும் சம்பளம் வாங்கும் பெரியவர் ஒருவர் வர வேண்டும்.

கிளம்பும்போது மூத்த பெண் ஆசிரியையிடம், “மிஸ், அடுத்த வருஷம் எனக்குப் பத்தாவது” என்றாள். அவர் பதிவேட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு, “இந்த வாரம் முக்கால் டம்ளர் ஊத்திப் பாரும்மா” என்றார்.