திஸ்ர நடையில் ஓட வேண்டிய எஞ்சின்

நீராவி எஞ்சின் மாடல் எது கைக்கு வந்தாலும், சக்கரம் ஒரு சுற்று சுற்றி முடிப்பதற்குள் அது எத்தனை முறை ‘குப்’ என்கிறது என்று முதலில் எண்ணிப் பார்த்துவிடுவேன். சில வாரங்களாக என் லேஅவுட்டில் ஓடிக்கொண்டிருக்கும் மல்லார்ட் மாடல் அந்தத் தேர்வில் தேறவில்லை. ஆறு முறை வர வேண்டிய இடத்தில் நான்குதான் வந்தது. மற்றபடி, இவ்வளவு அழகான மாடலை நான் சமீபத்தில் பார்த்ததில்லை. அதனால்தான் இவ்வளவு வருத்தம்.

பெட்டியில் போட்டிருக்கும் விவரங்களை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. ஓஓ அளவு, டி.சி.சி., ஒலி டீகோடரும் ஸ்பீக்கரும் உள்ளேயே பொருத்தி வந்த பதிப்பு. இந்த விளையாட்டில் இருப்பவர்களுக்கு அது போதும். தயாரித்த நிறுவனத்தின் பெயரையும் தவிர்க்கிறேன். அவர்களுடைய எஞ்சின்களைப் பல வருடங்களாக ஆசையோடு வாங்கி வருகிறவன் நான். இதே குறையை வேறு நிறுவனங்களின் மாடல்களிலும் கேட்டிருக்கிறேன்.

நிஜ மல்லார்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நைஜல் கிரெஸ்லி வடிவமைத்த ஏ4 வகை எஞ்சின்களில் ஒன்று. டான்காஸ்டர் பணிமனையில் 1938-ல் கட்டப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 3-ம் தேதி இங்கிலாந்தின் ஸ்டோக் சரிவில் மணிக்கு 126 மைல், அதாவது ஏறத்தாழ 203 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. நீராவி எஞ்சின்களில் அந்த உலக சாதனை இன்றும் அதன் பெயரில்தான் இருக்கிறது. இப்போது யார்க் நகரின் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மாடல் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அந்தச் சாதனைக்காகத்தான் இதை வாங்குகிறார்கள். அந்த வேகத்தைக் கொடுத்தது மூன்று சிலிண்டர். சத்தத்தை முடிவு செய்வதும் அந்த மூன்று சிலிண்டர்தான்.

கணக்கு எளிது. நீராவி, பிஸ்டனின் இரண்டு பக்கமும் மாறி மாறித் தள்ளுகிறது. ஆகவே சக்கரத்தின் ஒரு சுற்றில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு முறை நீராவியைப் புகைபோக்கி வழியாக வெளியே துப்பும். இரண்டு சிலிண்டர் இருந்தால் நான்கு ‘குப்’. நம்மூர் டபிள்யூ.பி. எஞ்சினில் கேட்டது அதுதான். மூன்று சிலிண்டர் இருந்தால் ஆறு. அந்த ஆறிலும் ஒரு நடை உண்டு. கிரெஸ்லி, நடுச் சிலிண்டருக்குத் தனி வால்வு இயக்கம் வைக்கவில்லை. வெளிப்பக்கச் சிலிண்டர்கள் இரண்டின் இயக்கத்தையும் நெம்புகோல்களால் இணைத்து அதிலிருந்தே நடுவால்வை அசைத்தார். அந்த இணைப்புகள் தேயத் தேய நடுச் சிலிண்டரின் மூச்சு மட்டும் சற்று முந்தியோ பிந்தியோ விழும். மிருதங்கத்தில் சதுஸ்ரத்துக்கும் திஸ்ரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் டபிள்யூ.பி.க்கும் ஏ4-க்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே எது எந்த எஞ்சின் என்று சொல்லிவிடலாம்.

இந்த மாடலில் கண்ணை மூடினால் வேறு ஏதோ ஒரு எஞ்சின் ஓடுகிறது.

ஊகமாகச் சொல்லவில்லை. மல்லார்டின் பக்கத் தகடுகள் சக்கரங்களின் மேல்பாதியை மூடிக்கொண்டிருக்கும். அதனால் நடு ஓட்டுசக்கரத்தில், கீழே வரும்போது கண்ணில் படுகிற ஓர் ஆரத்தின் முனையில் வெள்ளை போஸ்டர் கலரால் ஒரு புள்ளி வைத்தேன். கருஞ்சிவப்புச் சக்கரத்தில் அது பளிச்சென்று தெரிந்தது. தண்ணீர் தொட்டுத் துடைத்தால் போய்விடும். கன்ட்ரோலரில் முதல் வேகப் படி. நிஜத்தில் ஓட்டுசக்கரத்தின் விட்டம் 6 அடி 8 அங்குலம். மாடலில் 27 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. ஒரு சுற்றுக்கு 84 மி.மீ. தூரம் நகரும். அதாவது 14 மி.மீ.க்கு ஒரு ‘குப்’ விழ வேண்டும். எஞ்சின் ஊர்ந்தது. வெள்ளைப் புள்ளி தண்டவாளத்தை ஒட்டி வந்து மேலே போய் மறுபடி கீழே வருவதற்குள் நான்கு. எத்தனை தடவை பார்த்தாலும் நான்கு. வேகத்தைக் கூட்டினால் அந்த நான்கும் நிலைக்கவில்லை. நடு வேகத்தில் சத்தம் ஒரு பக்கமும் சக்கரம் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிட்டன.

காரணம், டீகோடருக்குச் சக்கரம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. மோட்டார் சுழலும்போது அது தானே உண்டாக்கும் எதிர் மின்னழுத்தத்தை அளந்து, ‘இவ்வளவு வேகம் இருக்கலாம்’ என்று கணித்து, அதற்கேற்ப ஒலித் துணுக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக விடுகிறது. அந்தக் கணிப்பைச் சரியாகப் பொருத்த வேண்டியது தொழிற்சாலையில், எஞ்சின் வகைக்கு ஏற்ப. இதில் அதைச் செய்ததாகத் தெரியவில்லை. தனித்தனித் துணுக்குகள் அருமையாக இருக்கின்றன. விசில் மணிக்கொத்து போல ஒலிக்கிறது. கரி அள்ளிப் போடும் சத்தத்தில் இரும்புக் கதவு மூடுவதுகூடக் கேட்கிறது. இவ்வளவு பாடுபட்டுப் பதிவு செய்தவர்கள், அவற்றை எந்தக் கணக்கில் அடுக்குவது என்பதில் கைவிட்டது எனக்கு ஆறவில்லை.

203 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஒன்பது சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றும். ஐம்பதுக்கு மேல் ‘குப்’. அதை எந்தக் காதும் பிரித்து எண்ணாது, ஒரே இரைச்சல்தான். அங்கே தவறினால் யாருக்கும் தெரியாது. ஆனால் வீட்டு லேஅவுட்டில் யார் 203-ல் ஓட்டுகிறார்கள்? பிளாட்பாரத்தை விட்டு மெல்லக் கிளம்புகிற அந்த ஒன்றரை மீட்டரில்தான் நீராவி எஞ்சின் உயிரோடு இருப்பதாகத் தோன்றும். மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் புறப்படும்போது நின்று கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்பது பேராசை ஆகாது.

ஓரளவு சரிசெய்ய வழி இருக்கிறது. ஒலி டீகோடர்களில் இதற்கென்றே சி.வி. என்னும் அமைப்பு எண்கள் உண்டு. லோக்சவுண்டில் 57, 58, சிமோவில் 267. உங்களிடம் இருப்பது வேறு என்றால் அதன் கையேட்டில் தேடுங்கள். மெதுவான வேகத்தில் புள்ளி வைத்து எண்ணி ஆறுக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு நடு வேகத்துக்கான மதிப்பைத் தொட வேண்டும். என் மாடலும் இப்போது ஊரும்போது ஆறு சொல்கிறது. நடு வேகத்தில் இன்னும் நழுவுகிறது. அசைக்க முடியாத துல்லியம் வேண்டுமானால், ஓட்டுசக்கர அச்சில் குட்டிக் காந்தங்கள் ஒட்டி, அடியில் ஒரு ஹால் சென்சார் வைத்து டீகோடரோடு இணைக்க வேண்டும். அப்போது கணிப்பு என்பதே இல்லை; காந்தம் கடந்தால் ‘குப்’. ஆனால் ஓஓ சட்டத்தின் அடியில் அதற்கு இடம் தேடுவது மெனக்கெட்ட வேலை. உத்தரவாதமும் போய்விடும். காசு கொடுத்து வாங்கியவன் செய்ய வேண்டிய வேலையா இது?

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார்ட்டர் நீலப் பெயிண்ட் எங்கும் தடிக்கவில்லை. ரிவெட் வரிசைகள் அதன் அடியில் மறையவில்லை. ஊர்ந்து போவதில் மோட்டார் அபாரம். எதிர்முகத்திலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே ஒடுங்கி நிற்பது மட்டும் உறுத்துகிறது. நிஜப் பாதையை இந்த அளவுக்குச் சுருக்கினால் 18.83 மி.மீ. வரும், ஓஓ-வில் போடுவது 16.5. அது பல தலைமுறைப் பழைய சமரசம், இந்த மாடலைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. முன்பக்கக் குழாய்களைக் கையில் எடுக்கும்போது பார்த்துப் பிடியுங்கள், மெல்லிசானவை.

வாங்கலாமா? ஒலி இல்லாத பதிப்பு கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். டீகோடரைப் பிறகு உங்கள் விருப்பப்படி போட்டுக்கொள்ளலாம். ஒலிப் பதிப்புத்தான் வேண்டும் என்றால், பணம் கட்டும் முன் கடைக்காரரிடம் எஞ்சினை முதல் வேகப் படியில் ஓட்டி ஒரு வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். பக்கவாட்டிலிருந்து, சக்கரம் தெரியும்படி. ஒரு சுற்றுக்கு ஆறு வருகிறதா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். நான்கு வந்தால் அதை எழுதிக் கடைக்காரருக்கே திருப்பி அனுப்புங்கள். கேட்கிறவர்கள் அதிகமானால்தான் தொழிற்சாலையில் எண்ண ஆரம்பிப்பார்கள்.