சுமக்கும் நட்பும் கேட்கும் நட்பும்

வேளாங்கண்ணி மாதாவைப் பற்றித் தமிழ்க் கத்தோலிக்கர் வழிவழியாகச் சொல்லிவரும் கதைகளில் ஒன்று மோர் விற்ற சிறுவனைப் பற்றியது. கால் ஊனமான அந்தச் சிறுவன் நடுத்திட்டில் ஆலமரத்தடியில் உட்கார்ந்து மோர் விற்றான். காட்சி தந்த அன்னை தன் குழந்தைக்கு மோர் வாங்கிக் கொடுத்துவிட்டு, நாகப்பட்டினத்துக்குப் போய்ச் செய்தி சொல்லச் சொன்னார். எழுந்து ஓடியபோதுதான் கால் குணமானது அவனுக்கே தெரிந்தது. கதை அத்துடன் அவனை விட்டுவிடுகிறது. அவன் பெயரோ, பிறகு என்ன ஆனான் என்பதோ யாருக்கும் தெரியாது. உடற்குறையுள்ள இளையவருக்குத் தமிழ்க் கிறிஸ்தவ நினைவு கொடுத்திருக்கும் இடம் ஏறக்குறைய இதுதான். குணமானால் அவர் சாட்சி, குணமாகாவிட்டால் இரக்கத்துக்குரியவர். கூட இருந்து பேசிச் சிரித்துச் சண்டை போடும் தோழர் என்ற மூன்றாவது இடம் அபூர்வம். அந்த இடத்தைத் தருவதாகச் சொல்லி வந்ததே, சபையினர் அவர்களோடு நண்பர்களாகப் பழகும் ‘நட்பு ஊழியம்’ என்னும் நடைமுறை. அரியலூர் மாவட்டத்து மீன்சுருட்டி போன்ற ஊர்களில் இதை யார் தொடங்க நினைத்தாலும், இதன் பலத்தையும் பலவீனத்தையும் சேர்த்தே எடை போட்டாக வேண்டும்.

இதற்கு முந்தைய வடிவம் பள்ளியும் இல்லமும். பாளையங்கோட்டையில் 1890-களில் ஆனி ஆஸ்க்வித் பார்வையற்றோருக்கும், புளோரன்ஸ் ஸ்வெயின்சன் காதுகேளாதோருக்கும் தொடங்கிய பள்ளிகள் இன்றும் இயங்குகின்றன. அரசோ சமூகமோ இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு வரும் என்றே நினைக்காத காலத்தில் அவர்களுக்கு எழுத்தும் தொழிலும் கற்றுக்கொடுத்தது சின்ன விஷயமில்லை. வீட்டைவிட்டுப் பிரித்து விடுதியில் வைத்தார்கள் என்று இன்று குறை சொல்வது எளிது. ஆனால் சொந்த ஊரில் சைகையில் பேச ஓர் ஆள்கூட இல்லாத காதுகேளாத பிள்ளைக்கு, தன் மொழியில் பேசும் நண்பர்கள் முதன்முதலாகக் கிடைத்தது அந்த விடுதியில்தான். எனவே இல்லம் என்றாலே தனிமை, ஊர் என்றாலே உறவு என்று கணக்குப் போட முடியாது. இல்லத்தின் உண்மையான குறை வேறு. படிப்பு முடிந்து ஊர் திரும்பும் இளைஞரை வரவேற்க ஊரில் எதையும் அது உருவாக்கி வைக்கவில்லை. பிள்ளையை இல்லம் பார்த்துக்கொள்ளும் என்று உள்ளூர்ச் சபை நிம்மதியாக இருந்துவிட்டது.

அந்த நிம்மதியைக் கலைத்ததுதான் நட்பு ஊழியத்தின் பெரிய பலம். 1964-இல் பிரான்சில் ஜான் வானியே அறிவுசார் குறைபாடுள்ள இருவரைக் காப்பகத்திலிருந்து அழைத்துவந்து ஒரே வீட்டில் உடன் வாழத் தொடங்கினார். ‘லார்ஷ்’ என்று வளர்ந்த அந்த இயக்கம் 1970-இல் பெங்களூருவில் ‘ஆஷா நிகேதன்’ ஆக இந்தியாவுக்கு வந்தது. பின்னர் சென்னைக்கும் வந்தது. இங்கே இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தார்கள். 1971-இல் பிறந்த ‘விசுவாசமும் ஒளியும்’ இயக்கத்தின் தொடக்கம் இன்னும் கூர்மையானது. கடுமையான குறைபாடுள்ள இரு மகன்களோடு லூர்து திருப்பயணத்துக்கு வர விரும்பிய பெற்றோரைச் சேர்த்துக்கொள்ளத் திருப்பயணக் குழு தயங்கியது. அந்தத் தயக்கத்துக்குப் பதிலாக எழுந்த இயக்கம், குறைபாடுள்ளவர், பெற்றோர், நண்பர் என்ற மூன்று தரப்பையும் தவறாமல் ஒன்றுகூட்டியது. நம் ஊர்களுக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆறு வயது முதல் பதினெட்டு வரை இலவசக் கல்விக்கு வழிசெய்கிறது. பத்தொன்பதாவது வயதில் அந்த இளைஞருக்குப் போக இடமில்லை. கூடப் படித்தவர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போய்விட, அவர் திண்ணையோடு நின்றுவிடுகிறார். பெண் என்றால் பாதுகாப்பு பற்றிய அச்சத்தில் திண்ணைகூடக் கிடைப்பதில்லை. அந்த வயதில் வேண்டியது கூட இருக்கும் ஆட்கள்தான். அப்படிப்பட்டவர்களை வாராவாரம் ஒன்றுசேர்க்கும் வழக்கம் திருச்சபையிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இவ்வளவு நல்ல நடைமுறை எங்கே சறுக்குகிறது? இதற்கு முன்மாதிரியாகக் காட்டப்படும் வேதாகமக் கதையிலேயே விடையின் ஒரு நுனி இருக்கிறது. கப்பர்நகூமில் நால்வர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்து, கூட்டம் வழிவிடாததால் கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்குகிறார்கள். நண்பர்களின் விசுவாசத்தைப் போற்றாத பிரசங்கம் இல்லை. ஆனால் மாற்கு சொல்லும் அந்தக் கதையில், சுமக்கப்பட்டவர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அதே மாற்கு நற்செய்தியில் பார்வையற்ற பர்திமேயுவின் கதையும் உண்டு. அவருக்கு என்ன வேண்டும் என்பது பார்த்தாலே தெரியும்; இருந்தும் இயேசு அவரிடம் கேட்கிறார். நம் ஊழியங்கள் பெரும்பாலும் முதல் கதையோடு நின்றுவிட்டன. உலக மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3, கிறிஸ்துமஸ் பரிசு வழங்கும் காலத்தோடு சேர்ந்தே வருகிறது. மேடையில் ஒரு சக்கர நாற்காலியை ஐந்தாறு கைகள் பிடித்திருக்க, உட்கார்ந்திருப்பவரைத் தவிர எல்லோரும் கேமராவைப் பார்க்கும் புகைப்படம் நமக்குப் பழகியது. அந்த நாற்காலி கோயில் படியில் ஏறுமா, அவர் வீட்டு மண் சந்தில் திரும்புமா என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். முப்பது வயதானவரையும் ‘கடவுளின் குழந்தை’ என்று கொஞ்சும் அன்பும் இந்த வகைதான். குழந்தையிடம் யாரும் விருப்பம் கேட்பதில்லை. நண்பரிடம் கேட்காமல் தீராது.

கேட்காத அன்பு எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு வானியேவின் வாழ்க்கையே சான்றாகிவிட்டது. 2019-இல் அவர் இறந்தபோது உலகம் அவரைப் புனிதர்போலப் போற்றியது. 2020-இல் லார்ஷ் வெளியிட்ட விசாரணை முடிவும், 2023-இல் வந்த விரிவான ஆய்வறிக்கையும், ஆன்மிக வழிகாட்டுதல் என்ற பெயரில் அவர் குறைந்தது 25 பெண்களைத் தவறாகப் பயன்படுத்தியதை வெளிக்கொணர்ந்தன. அறிவுசார் குறைபாடுள்ளவர்கள் யாரும் அப்படிப் பாதிக்கப்பட்டதாக அந்த அறிக்கை கண்டறியவில்லை. நிறுவனர் தவறியதால் நடைமுறையே பொய் என்று முடிவுகட்டுவது அவசரம். இயக்கமே விசாரணை வைத்து முடிவை மறைக்காமல் வெளியிட்டது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் அதிலிருந்து கற்க வேண்டியது, நல்லவர்களிலும் ஒரு கெட்டவர் இருப்பார் என்ற பொதுப்புத்தி மட்டும் இல்லை. நட்பு, மென்மை, ஒப்புக்கொடுத்தல் என்ற புனிதச் சொற்களே கேள்வி கேட்கும் வாயை அடைத்துவிட்டன. யாரும் கணக்குக் கேட்காத இடத்தில் பேச்சு வராத ஓர் இளம்பெண் இருந்தால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

உடனே ஒரு மறுப்பு வரும்: விதி போட்டால் அது நட்பா? நண்பர்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டா பழகுவார்கள்? சமமானவர்களிடையே இந்த வாதம் செல்லும். ஒருவர் நினைத்தபோது எழுந்து போகலாம், மற்றவர் தூக்கிவிட ஆள் வேண்டும் என்றிருக்கும் உறவில், விதிதான் இரண்டாமவருக்குச் சமத்துவத்தைத் தருகிறது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குழந்தையின் உடல், மனக் குறைபாட்டைப் பயன்படுத்திச் செய்யும் குற்றத்தைக் கடுமையான வகையில் சேர்த்திருப்பது இதனால்தான். பதினெட்டைத் தாண்டியவர்களுக்கு அந்தச் சட்டக் காப்பும் கிடையாது. ஆகவே பெரியவர்களில் இருவராவது உடனிருப்பது, புகார் சொல்ல ஊழியத்துக்கு வெளியே ஓர் ஆள், வீட்டாருக்குத் தெரிந்த நேரம், இடம் ஆகியவற்றைச் சபையே வகுத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு மறுப்பு பக்தியின் பக்கத்திலிருந்து வருவது: குணமாக ஜெபிப்பதும் நற்செய்தி சொல்வதும் தவறா? கேட்பவருக்காக ஜெபிப்பதில் தவறில்லை. கேட்காதவர் தலையில் கை வைத்து, குணமாகாதபோது அவர் விசுவாசத்தில் குறை கண்டுபிடிப்பது, ஒருவன் பார்வையற்றவனாகப் பிறக்க யார் பாவம் காரணம் என்று கேட்ட சீடர்களின் இடத்துக்கே திரும்பிப் போவதாகும். இயேசு அந்தக் கேள்வியை ஏற்கவில்லை. மதம் மாறுவதை நட்பின் விலையாக வைத்தாலோ அது நட்பே இல்லை. வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவரிடம் வைத்தால் அநீதி.

உரிமைக்காகப் போராடுவோரின் மறுப்புதான் கனமானது. மாற்றுத்திறனாளிக்குத் தேவை சாய்தளம், ஓய்வூதியம், வேலை. நட்பைக் காட்டி அரசின் கடமையை மறைக்காதீர்கள் என்பது அவர்கள் வாதம். பாடிப் பிரார்த்தித்துக் கலையும் நட்பைப் பொறுத்தவரை இது முழு உண்மை. ஆனால் உரிமை தானாக வீடு தேடி வருவதில்லை. தமிழக அரசு மாதப் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. அதைப் பெற மருத்துவச் சான்றும் அடையாள அட்டையும் வேண்டும். மாவட்ட அலுவலகம் இருப்பதோ அரியலூரில். மீன்சுருட்டியிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல். தாயின் ஒருநாள் கூலி போக, மகனைப் பேருந்தில் ஏற்றி இறக்க இன்னோர் ஆளும் தேவை. அந்த இன்னோர் ஆளாகப் போய், வரிசையில் நின்று, சான்றில் குறைபாட்டின் சதவீதத்தைத் தவறாகப் போட்டால் அங்கேயே தட்டிக் கேட்கும் நண்பர், உரிமையின் எதிரியல்ல. அப்படிப் போகாத நட்பு ஞாயிற்றுக்கிழமை மனநிறைவுக்கு மட்டுமே உதவும்.

ஒன்றுமே இல்லாததற்கு இது மேல் என்று எதையும் ஏற்றுக்கொள்ளச் சொல்வோரும் உண்டு. ஆனால் மூன்று மாதம் வந்து பழகி, பிறகு சொல்லாமல் நின்றுவிடும் கல்லூரித் தன்னார்வலர் போனபின் எஞ்சுவது பழையதைவிட ஆழமான தனிமை. எனவே நட்பு ஊழியத்தை எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பொருள் கொடுத்தோம் என்று அளக்கக் கூடாது. மாற்றுத்திறனாளி எதைத் தீர்மானிக்கிறார் என்பதே அளவுகோல். பாடகர் குழுவிலும் வாசகம் வாசிப்பதிலும் காணிக்கை எடுப்பதிலும் அவருக்கு வேலை உண்டா? கூட்டத்தின் நேரத்தை மாற்றச் சொல்ல முடியுமா? பிடிக்காத உதவியை மறுக்க முடியுமா? கிராம ஊராட்சி முதல் மாநகராட்சி வரை மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் சட்டத் திருத்தங்களைத் தமிழகச் சட்டப்பேரவை 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. ஊராட்சிக்கூடத்தில் அரசு நாற்காலி போட்டுவிட்ட பிறகும் பங்குப்பேரவையிலும் சபைக் குழுவிலும் வாலிபர் ஐக்கியத்திலும் அவர்களுக்கு இடமில்லை என்றால், அன்பைப் பற்றிப் பேச வேண்டிய இடம் அரசைவிடப் பின்தங்கியிருக்கிறது என்று பொருள். நட்பு ஊழியம் தொடர வேண்டியதே. முடிவெடுக்கும் மேசையில் அவருக்கு இடம் கொடுத்துவிட்டு அது தொடங்கட்டும்.