அவுட் ஆகிற நாயகர்கள்

தாமிரபரணிப் பாசனத்தில் பிசானம் அறுப்பு ஓய்வதும் ஐ.பி.எல். தொடங்குவதும் அநேகமாக ஒரே மாதத்தில் வருகின்றன. மார்ச் கடைசியில் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து கல்லிடைக்குறிச்சி வரை ரோட்டோர வயல்களில் தாள் மட்டுமே நிற்கும். பையன்கள் அதில் ஒரு நீளத்துண்டை மண்வெட்டியால் செதுக்கி, தண்ணீர் தெளித்து, மிதித்து இறுக்கி பிட்ச் ஆக்கிவிடுவார்கள். செதுக்கலில் தப்பிய தாள்கட்டையில் ரப்பர் பந்து பட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று போட்டவனுக்கும் தெரியாது. முதலில் ஒரு ட்ரையல் பால், பிறகு யார் முதலில் காஜி (பேட்டிங்) என்று சண்டை, ஆள் ஒற்றைப்படையில் வந்தால் இரண்டு பக்கமும் ஆட ஒரு ‘காமன்’ என்று எல்லாச் சட்டதிட்டமும் உண்டு. ஜூனில் பாபநாசம் அணையைத் திறந்து கார் சாகுபடிக்கு உழவு ஆரம்பிக்கும்வரை வயல் அவர்களுடையது.

இருட்டியதும் ஆட்டம் டீக்கடைக்கு இடம் மாறும். அங்கே ஆடுகிறவர்கள் யாரும் இல்லை; பார்க்கிறவர்கள்தான். பாதிப் பேர் நாற்பதைத் தாண்டியவர்கள். “அண்ணாச்சி, தோனி எறங்கியாச்சா?” என்று கேட்டபடி வருகிறவரின் முகத்தில், வீட்டில் அவர் பிள்ளைகளே பார்த்திராத ஒரு துள்ளல் தெரியும். விளையாட்டு வீரர்களைக் கொண்டாடுவது பெரியவர்களுக்குப் பிள்ளைப் பிராயத்தைத் திருப்பித் தருகிறது என்று சொல்வார்கள். பாதி உண்மைதான். எந்தப் பாதி உண்மை, எந்தப் பாதி நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது என்பதுதான் பார்க்க வேண்டியது.

வி.கே.புரம் என்கிற விக்கிரமசிங்கபுரம் மில் ஊர். 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் அருவித் தண்ணீரின் விசையை நம்பி இங்கே நூற்பாலை தொடங்கினார்கள். பின்னாளில் அது மதுரா கோட்ஸ் ஆயிற்று. ஷிப்டும் சங்கும் வகுத்த வாழ்க்கையில் காலையில் எழுந்திருப்பது முதல் கல்யாணத்துக்கு லீவு கேட்பது வரை எல்லாம் முன்கூட்டியே தீர்மானமானவை. முடிவு யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டென்றால் அது ஆட்டம்தான். மில் மேனேஜருக்கும் தெரியாது, மெஷினில் நிற்கிறவருக்கும் தெரியாது. இதை நேரத்தை வீணடிக்கும் தப்பித்தல் என்று சொல்லும் படித்த விமர்சகர்கள், எட்டு மணி நேரம் பஞ்சுத்தூசியில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னால் மரியாதையாக இருக்கும்.

1998 ஏப்ரலில் ஷார்ஜாவில் நடந்ததை இந்த வயதுக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். 22ஆம் தேதி மணல்புயல் அடித்து ஆட்டம் நின்று, மறுபடி தொடங்கி, ஆஸ்திரேலியாவுக்கு எதிராகச் சச்சின் 143 அடித்தார். அன்று இந்தியா தோற்றாலும் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. 24ஆம் தேதி அவருக்கு 25 வயது முடிந்த நாள். இறுதிப் போட்டியில் 134 அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். டி.வி. இருந்த வீட்டுத் தார்சாவில் தெருவே உட்கார்ந்திருந்த காலம் அது. அன்றைக்குப் பத்துப் பன்னிரண்டு வயதில் முன்வரிசையில் சம்மணம் போட்டவர்கள் இப்போது நாற்பதைத் தொட்டுவிட்டார்கள். அதே ஆட்டத்தைச் செல்போனில் எத்தனை முறை பார்த்தாலும், முடிவு தெரிந்திருந்தும், அவர்களுக்கு உடம்பு சிலிர்க்கிறது.

ஏன்? பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நடந்தவையே மனிதர்களின் நினைவில் அடர்த்தியாகத் தங்குகின்றன என்பது உளவியலார் பலமுறை சோதித்துக் கண்டது. சிலிர்ப்புக்குக் காரணமான கவர் டிரைவ் ஒரு சாவிதான். திறப்பது பக்கத்து வீட்டுத் தார்சா, நடுவில் கரண்ட் போனபோது எழுந்த ஓலம், “பரீட்சை வருது, உள்ள வால” என்று அப்பா வாசலில் நின்று கத்தியது, கத்தியவரே பிறகு சுவரோரம் நின்று மூன்று ஓவர் பார்த்தது. வீரர்களைப் பின்தொடர்வதன் முதல் பலம் இதுதான். நம் சொந்த வாழ்க்கையை அடுக்கி வைக்க அது ஒரு நாள்காட்டி தருகிறது. அக்கா கல்யாணம் எந்த வருஷம் என்றால், “கும்ப்ளே பத்து விக்கெட் எடுத்த வருஷம்லா” என்று பதில் வருகிறது. 1999 என்று சொல்வதைவிட இது துல்லியமாகவே இருக்கிறது.

அதற்கும் முந்தைய தலைமுறைக்கு டி.வி.யும் கிடையாது, ரேடியோதான். சேப்பாக்கத்தில் பொங்கல் டெஸ்ட் நடந்தால் தமிழ் வர்ணனை கேட்கும். சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் குரல் தென்மாவட்டங்களில் அப்போது வீட்டுக் குரல். அவர் சொல்லச் சொல்ல, அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் பார்த்தேயிராத மைதானத்தைப் பிள்ளைகள் தாங்களே மனசுக்குள் கட்டிக்கொண்டார்கள். பொதிகை மலை பின்னால் தெரியும் சேப்பாக்கங்கள் பல இருந்திருக்கும். இன்றைக்குப் பல கேமராக்கள் காட்டும் படத்தில் அந்த வேலைக்கு இடமில்லை.

இரண்டாவது பலம் இன்னும் ஆழமானது. சினிமா நாயகன் தோற்பதில்லை. தோற்றாலும் அது கதாசிரியர் அனுமதித்த தோல்வி. விளையாட்டு நாயகன் நம் கண்ணெதிரே முதல் பந்திலேயே போல்டு ஆவான். அவனை நேசித்த பிள்ளை அன்று ராத்திரி சாப்பிடாமல் படுக்கும், மறுநாள் பள்ளிக்கூடத்தில் கேலி வாங்கும், அடுத்த ஆட்டத்துக்கு மறுபடி முன்வரிசையில் உட்காரும். வேண்டியவர் தோற்றாலும் வேண்டியவர்தான் என்பதை ஒரு குழந்தை வீட்டுக்கு வெளியே கற்றுக்கொள்ளும் இடங்கள் அதிகம் இல்லை. 2023 ஐ.பி.எல். இறுதிப் போட்டியில் தோனி முதல் பந்திலேயே அவுட். கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் தேவைப்பட்டபோது சிக்ஸரும் ஃபோருமாக அடித்து முடித்தவர் ஜடேஜா. தோனி அவரைத் தூக்கிக்கொண்டதுதான் எல்லோர் நினைவிலும் நிற்கும் படம். நாயகன் பூஜ்யம் அடித்த நாளே அவனுடைய பெருநாளாக இருக்க முடியும் என்பதை எந்தத் திரைக்கதையும் இவ்வளவு எளிதாகச் சொல்லிவிடாது.

குறையும் இதே ஜடேஜாவிடமிருந்தே தொடங்குகிறது. அதே 2023 மே மாதத்தில் சேப்பாக்கத்தில் ஓர் ஆட்டம் முடிந்ததும் அவர் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார்: தான் மேலே இறங்கி ஆடினால், தான் அவுட் ஆவதற்காகவே ஜனங்கள் காத்திருப்பார்களாம், தோனி வர வேண்டும் என்பதற்காக. வேடிக்கையாகச் சொன்னது உண்மை. சொந்த அணிக்காரன் அவுட் ஆனதும் மைதானமே கைதட்டி ஆர்ப்பரித்ததை நாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். வயலில் ஆடும் எந்தப் பையனும் தன் பக்கத்து ஆள் அவுட் ஆனதற்குக் குதிக்க மாட்டான். ‘குழந்தையாகிவிட்டோம்’ என்று நாம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் செய்வது, குழந்தைகள் செய்யாத காரியம்.

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினி 1976இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஏழு பல்கலைக்கழகங்களில், கால்பந்து ஆட்டத்துக்கு அடுத்த திங்கட்கிழமை மாணவர்கள் என்ன உடுத்தி வருகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். கல்லூரி அணி ஜெயித்திருந்தால் கல்லூரிப் பெயர் போட்ட சட்டைகள் கூடுதல். ஜெயித்ததைச் சொல்லும்போது ‘நாங்கள்’, தோற்றதைச் சொல்லும்போது ‘அவர்கள்’ என்று பேச்சும் மாறியது. நம் டீக்கடையில் எண்ணிப் பார்க்கவே வேண்டாம். “ஜெயிச்சிட்டோம்லா” என்பதும் “தோத்துட்டானுவ” என்பதும் ஒரே வாயிலிருந்து ஒரு நாள் இடைவெளியில் வருகின்றன. பிள்ளைகள் “தோத்துட்டோம்” என்று சொல்லி அழுவார்கள். பெரியவர்கள் தோல்வியை அடுத்தவன் கணக்கில் எழுதிவிட்டு வசவுக்குத் தயாராகிறார்கள்.

வசவோடு நின்றால் பரவாயில்லை. 2007 மார்ச்சில் உலகக் கோப்பையில் வங்கதேசத்திடம் இந்தியா தோற்றதும் ராஞ்சியில் தோனி கட்டிக்கொண்டிருந்த வீட்டைத் தாக்கினார்கள். ஆறே மாதத்தில் அவர் இருபது ஓவர் உலகக் கோப்பையோடு திரும்பியபோது மாலை போட்ட ஊரும் அதுதான். 2025 ஜூன் 3இல் பெங்களூரு அணி முதல் முறையாக ஐ.பி.எல். கோப்பை வென்றது; மறுநாள் சின்னசாமி மைதானத்து வாசல் நெரிசலில் 11 பேர் செத்துப்போனார்கள். அவர்களில் பள்ளிச் சிறுமியும் உண்டு. ஏற்பாட்டுக் கோளாறு என்று விசாரணைகள் பேசின, அது சரிதான். ஆனால் ஒரு பஸ்ஸையும் அதன்மேல் நிற்கும் நாலு பேரையும் தூரத்திலிருந்து பார்ப்பதற்காக அவ்வளவு கூட்டம் வந்தது எதனால் என்ற கேள்வி ஏற்பாட்டாளர்களோடு முடிந்துவிடாது.

இன்னொரு கெடுதல் சத்தமில்லாமல் நடந்தது. டிரீம்11 போன்ற செயலிகளில் பணம் கட்டி ‘டீம் போட்டவர்களுக்கு’ ஆட்டம் பார்க்கும் கண்ணே மாறிப்போயிற்று. தன் அணி ஜெயிப்பதைவிட, தான் பணம் கட்டிய பவுலர் இன்னொரு விக்கெட் எடுப்பது முக்கியமாயிற்று. பசங்களின் ‘பெட் மேட்ச்’சிலும் பணம் உண்டே என்று கேட்கலாம். அங்கே பந்தயம் கட்டுகிறவன் ஆடுகிறான். தோற்றால் தன் ஆட்டத்தால் தோற்கிறான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. அதோடு டிரீம்11இன் பணப் போட்டிகள் நின்றன, இந்திய அணிச் சட்டையிலிருந்து அதன் பெயரும் போயிற்று. இவ்விஷயத்தில் ரசிகர்களாகிய நாம் நாமாகத் திருந்தவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நாயகனே சரிந்தால்? அசாருதீன் காலத்துப் பையன்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, மணிக்கட்டைச் சுழற்றி லெக் சைடில் தட்டிப் பழகியவர்கள். 2000 டிசம்பரில் சூதாட்டப் புகாரில் கிரிக்கெட் வாரியம் அவருக்கு ஆயுள் தடை விதித்தது. அந்தத் தடை செல்லாது என்று 2012இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடுவில் பன்னிரண்டு வருஷம். வீட்டுச் சுவரில் ஒட்டிய படத்தைக் கிழித்தவர்கள் உண்டு. ஆனால் மணிக்கட்டில் ஏறிய பழக்கம் போகவில்லை. என் தீர்ப்பு இங்கேதான் நிற்கிறது. நாயகனை உடம்பால் பின்பற்றினவனுக்கு நாயகன் விழுந்தாலும் ஏதோ ஒன்று மிஞ்சும். கண்ணால் மட்டும் பின்தொடர்கிறவனுக்குக் கோபம்தான் மிஞ்சும். பிள்ளைகள் வீரனைப் பார்ப்பதில்லை, அவனாக நடிக்கிறார்கள். நாற்பது வயதில் நாம் திரும்பப் பெறுவது அந்த மகிழ்ச்சியின் பார்க்கிற பாதியை மட்டுமே. ஆடுகிற பாதியைக் கேட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

இதுவரை பேசியது ஆண்பிள்ளைகளின் பிள்ளைப் பிராயம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தார்சாவின் முன்வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கு யாரோ காப்பி போட்டுக் கொடுத்தார்கள். வயலில் அடித்த பந்து வீட்டுக்குள் விழுந்தால் எடுத்து எறிந்தவள் தங்கைக்காரி. அவளைக் ‘காமன்’ ஆகக்கூடச் சேர்த்ததில்லை. ‘நம் சிறுவயது இன்பம்’ என்று கட்டுரைகள் உருகும்போது அந்த ‘நம்’மில் பாதி ஊர் இல்லை. 2025 நவம்பர் 2இல் நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை வென்று இந்தியப் பெண்கள் உலகக் கோப்பை வாங்கினார்கள். அன்று ராத்திரி விழித்திருந்து பார்த்த ஒரு பத்து வயதுச் சிறுமிக்கு, முப்பது வருஷம் கழித்துத் திரும்பிப் போவதற்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது. அவள் அம்மாவுக்கு அது கிடைக்கவில்லை.

கிரிக்கெட்டைத் தாண்டிப் பார்த்தால் குறை இன்னும் பெரிது. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தியிலிருந்து புறப்பட்ட கணேசன், 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடியவர், அர்ஜுனா விருதாளர். கபடி திருவிழாவுக்குத் திருவிழா நடக்கும் சீமை இது. அவர் பேர் கபடிக்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்களில் பெரும்பாலோர் அவரை அறிந்தது, அவர் வாழ்க்கையை ஒட்டி மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன்’ 2025 தீபாவளிக்கு வந்த பிறகுதான். கையெட்டும் தூரத்து வீரனைக் கண்டுகொள்ளவும் நமக்கு ஒரு சினிமா தேவைப்பட்டிருக்கிறது.

நம்மால் முடியாததும் இல்லை. 1999 ஜனவரி 31, சேப்பாக்கம். முதுகு வலியோடு சச்சின் 136 அடித்தும் இந்தியா 12 ரன்னில் பாகிஸ்தானிடம் தோற்றது. கடைசி நாலு விக்கெட் நாலே ரன்னில் போயிற்று. கொஞ்ச நேரம் மைதானத்தில் சத்தமே இல்லை. பிறகு கூட்டம் எழுந்து நின்று, மைதானத்தைச் சுற்றி ஓடிவந்த பாகிஸ்தான் வீரர்களுக்குக் கைதட்டியது. நாயகன் தோற்ற நாளில் ஜெயித்தவனைப் பாராட்டியது தமிழ்நாட்டுக் கூட்டம். அன்று அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு காலரியில் நின்ற பிள்ளைகளுக்குக் கிடைத்ததைவிடப் பெரிய விளையாட்டுப் பாடம் இந்த மாநிலத்தில் யாருக்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

சேப்பாக்கம் நமக்குத் தூரம். தாழையூத்துக்குப் பக்கத்தில் சங்கர் நகர் இந்தியா சிமென்ட்ஸ் மைதானம் தூரமில்லை. சென்னை சூப்பர் கிங்ஸை 2008இல் வாங்கிய அதே கம்பெனி 1949இல் தன் முதல் ஆலையைத் தொடங்கிய ஊர் அது. 2016 முதல் அங்கே டி.என்.பி.எல். ஆட்டங்கள் நடக்கின்றன. எல்லைக்கோட்டருகில் நிற்கும் பையனின் வியர்வை தெரியும் தூரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். அவர்களில் யாரும் இன்னும் கடவுள் ஆகவில்லை, அதுவே நல்லது. அடுத்த சீசனில் மகனை மட்டும் கூட்டிப் போகாதீர்கள், மகளையும் கூட்டிப் போங்கள். எதிரணிப் பவுலர் நல்ல பந்து போட்டு விக்கெட் எடுத்தால் நீங்கள் முதலில் கைதட்டுங்கள். உங்களைப் பார்த்துத்தான் அவர்கள் தட்டுவார்கள்.