மனுவுக்குள் அடங்கிய போர்

1800 நவம்பர் 8 அன்று வாஷிங்டன் நகரில் போர்த் துறை இயங்கிவந்த கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. அமெரிக்க விடுதலைப் போரில் யார் எந்தப் படையில் இருந்தார், எத்தனை மாதம் இருந்தார் என்று சொல்லும் தாள்களில் பெரும்பகுதி அன்றே சாம்பலாயிற்று. காயம்பட்ட வீரர்கள் அதுவரை கொடுத்திருந்த ஓய்வூதிய மனுக்களும் அதோடு போயின. அவர்களில் சிலருடைய கோப்பு உறையை இன்று திறந்தால், உடல் ஊனத்துக்காகப் பணம் பெற்றவர், தாள்கள் இல்லை என்று ஒரு வரிக் குறிப்பு மட்டும் இருக்கும். பிற்பாடு அரசு அங்கங்கே மிஞ்சியிருந்த படைப்பட்டியல்களை விலைகொடுத்து வாங்கியும் நகலெடுத்தும் சேர்த்தது. ஓட்டை முழுதாக அடைபடவில்லை.

அதனால்தான் தன் முப்பாட்டன் அந்தப் போரில் இருந்தாரா என்று தேடுகிற அமெரிக்கர், நேரே போய் நிற்கும் இடம் ஓய்வூதியக் கோப்புகளாக இருக்கிறது. தேசிய ஆவணக் காப்பகத்தில் இப்படிச் சுமார் 80,000 கோப்புகள் உள்ளன. மைக்ரோஃபிலிம் சுருள்களாக 2,670. இப்போது எல்லாம் கணினித் திரையிலேயே கிடைக்கின்றன. 1890-இல் தொடங்கிய ‘அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்’ போன்ற சங்கங்களில் சேர விரும்புவோருக்கு, மூதாதையர் படையில் இருந்ததைக் காட்டும் சான்றாகவும் இவை பயன்பட்டுவருகின்றன. ஒரு நாட்டின் குடும்ப வரலாற்றுப் பழக்கமே இந்தத் தாள்களின்மேல் கட்டப்பட்டிருக்கிறது என்றால் மிகையில்லை. அந்த அஸ்திவாரம் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதுதான் கேள்வி.

பலரும் மறந்துவிடும் ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். இந்தக் கோப்புகளில் இருப்பவை பணம் கேட்டு எழுதிய மனுக்கள். போர்க்களத்தில் எழுதியவை அல்ல. போர் முடிந்து முப்பது, ஐம்பது ஆண்டு கழித்து, ஒரு குறிப்பிட்ட சட்டத்தின் கேள்விகளுக்குப் பதிலாக எழுதியவை. சட்டம் எதைக் கேட்டதோ அதைத்தான் மனுதாரர் சொன்னார். கேட்காததைச் சொல்ல அவருக்கு அவசியமும் இல்லை; பல நேரம் அதை எழுதிக்கொள்ள எழுத்தருக்குப் பொறுமையும் இல்லை.

1818-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாருங்கள். கான்டினென்டல் படை எனப்பட்ட மத்தியப் படையில் ஒன்பது மாதமாவது, அல்லது போர் முடியும்வரை, இருந்திருக்க வேண்டும். கூடவே ஏழையாகவும் இருக்க வேண்டும். சாதாரண வீரருக்கு மாதம் 8 டாலர், அதிகாரிக்கு 20 டாலர். எதிர்பார்த்ததைவிட மிக அதிகம் பேர் வந்து நின்றதும் அரசு மிரண்டது. 1820-இல் இன்னொரு சட்டம் வந்தது: ஏழை என்று சொன்னால் போதாது, உடைமைகளைப் பட்டியலிட்டு நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய வேண்டும். விளைவு, அந்த ஆண்டின் தாள்களில் போரைவிடக் கொட்டிலும் சட்டிபானையும்தான் அதிகம் தெரிகின்றன.

ஜோசப் பிளம்ப் மார்ட்டின் என்பவரின் கோப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கனெக்டிகட் படையில் 1776-இல் பதினைந்து வயதுச் சிறுவனாகச் சேர்ந்து, அடுத்த ஆண்டு மீண்டும் சேர்ந்து, 1783 வரை இருந்தவர். யார்க்டவுன் முற்றுகையில் அகழி வெட்டும் படைப்பிரிவில் பணியாற்றியவர். போருக்குப் பின் மெய்ன் பகுதியில் குடியேறினார். 1820-இல் அவர் கொடுத்த உடைமைப் பட்டியல் மிகச் சிறியது: படுக்கையும் உடுதுணியும் போக, இரண்டு பசு, ஆறு ஆடு, ஒரு பன்றி. நிலம் இல்லை, வருமானம் இல்லை. தான் கூலித் தொழிலாளி, வயதும் நோயும் வந்ததால் வேலை செய்ய முடியவில்லை, மனைவிக்கு மூட்டுவாதம், பிள்ளைகள் ஐந்து பேர் என்கிறார். அவ்வளவுதான். கோப்பை மட்டும் படிக்கும் கொள்ளுப் பேரனுக்கு, நோயில் சோர்ந்த ஒரு கிழவரின் முகம்தான் கிடைக்கும்.

அதே மனிதர் பத்து ஆண்டு கழித்து, 1830-இல், பெயர் போடாமல் ஒரு நினைவுநூல் வெளியிட்டார். பசி, குளிர், செருப்பில்லாக் கால், மேலதிகாரிகளின் அசட்டுத்தனம், சம்பளம் தராமல் வீட்டுக்கு அனுப்பிய அரசு என எல்லாவற்றையும் குறும்பும் கோபமும் கலந்து எழுதியிருக்கிறார். அந்தப் போரில் சாதாரண வீரன் எழுதிய நூல்களில் இதற்கு நிகராகச் சொல்ல அதிகம் இல்லை. மனுவில் இந்த மனிதர் எங்கே போனார்? எங்கும் போகவில்லை. பசு எத்தனை என்று கேட்டார்கள், சொன்னார். மார்ட்டினுக்கு நூல் இருந்ததால் இந்த இடைவெளி நமக்குத் தெரிகிறது. நூல் எழுதாத பல்லாயிரம் பேர் விஷயத்தில், கோப்பின் வறட்சியை ஆளின் வறட்சி என்று எடுத்துக்கொள்கிறோம்.

1832 ஜூன் 7-ஆம் தேதிச் சட்டம் நிலைமையை அடியோடு மாற்றியது. வறுமை நிபந்தனை போயிற்று. மிலிஷியா எனப்பட்ட உள்ளூர்ப் படைகளில் இருந்தவர்களும் கேட்கலாம். மொத்தம் ஆறு மாதப் பணி இருந்தால் போதும். இரண்டு ஆண்டு இருந்தவருக்கு ஆயுள்வரை முழுச் சம்பளம், குறைந்தால் அதற்கேற்ற பங்கு. பட்டியல்கள் எரிந்துபோனதால், நினைவையே சான்றாக ஏற்றார்கள். நீதிமன்றத்தில் வரிசையாகக் கேள்விகள் கேட்கப்பட்டன: எங்கே, எந்த ஆண்டு பிறந்தீர்? வயதுக்கு எழுத்துச் சான்று உண்டா? படைக்குப் போனபோது எந்த ஊரில் இருந்தீர், அதன்பின் எங்கெங்கே, இப்போது எங்கே? தானாகப் போனீரா, கட்டாய ஆளெடுப்பா, வேறொருவருக்குப் பதிலாளா? அதிகாரிகள் யார் யார்? விடுவிப்புச் சீட்டு கிடைத்ததா? உம் நேர்மைக்குச் சாட்சி சொல்ல அக்கம்பக்கத்தில் யார் உண்டு?

இந்த முறையின் பெரிய பலம், என் பார்வையில், மூன்றாவது கேள்வியில் இருக்கிறது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கு 1840 வரை பெரும்பாலும் குடும்பத் தலைவரின் பெயரை மட்டுமே எழுதிக்கொண்டது. வீட்டில் இருந்த, அடிமையல்லாத மற்றவர்களின் பெயரெல்லாம் 1850-இல்தான் ஏறியது. அதற்கு முன் ஒரு குடும்பம் வர்ஜீனியாவிலிருந்து கென்டக்கிக்கும், அங்கிருந்து இந்தியானாவுக்கும் நகர்ந்ததை அறிய வேறு எந்தத் தாளும் இவ்வளவு எளிதாக உதவாது. பிறந்த ஊர், போருக்குப் போன ஊர், கிழவனாகி உட்கார்ந்த ஊர் என்று ஒரு வாழ்வின் வழித்தடம் அரைப் பக்கத்தில் கிடைத்துவிடும். போரைத் தேடிப் போனவருக்குக் கிடைக்கும் உண்மையான புதையல், போர் அல்லாத இந்தச் செய்திதான். படைப்பணி விவரத்தைவிட இதை நான் அதிகம் நம்புவேன். ஊர் பெயரைப் பொய்யாகச் சொல்வதால் மனுதாரருக்கு ஆதாயம் எதுவும் இல்லை.

படைப்பணி விவரத்தில் ஆதாயம் இருந்தது. ஐந்து மாதம் இருந்தவருக்கு ஒன்றும் இல்லை. ஆறு மாதம் என்றால் பணம். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர், ஐம்பது ஆண்டுக்கு முந்தைய மூன்று சிறு பணிக்காலங்களைக் கூட்டிப் பார்க்கும்போது, கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். இதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். நினைவு தேவையின் பக்கம் சரிவது மனித இயல்பு. போதாக்குறைக்கு, பிரெஞ்சுத் தளபதி லஃபயெத் 1824-25இல் அமெரிக்கா முழுதும் சுற்றுப்பயணம் வந்து, ஊருக்கு ஊர் விழா எடுத்துப் பழைய வீரர்களின் நினைவைக் கிளறிவிட்டுப் போயிருந்தார். ஆண்டுதோறும் ஜூலை 4 சொற்பொழிவுகள் வேறு. கண்ணால் கண்டது எது, மேடையில் கேட்டது எது என்று பிரிக்க அந்தக் கிழவராலேயே முடிந்திருக்குமா? தளபதி வாஷிங்டனை நேரில் பார்த்தேன் என்ற வரி வந்தால் நான் சற்று மெதுவாகப் படிப்பேன். தன் கேப்டனின் பெயர் மறந்துவிட்டது என்று ஒப்புக்கொள்பவரை இன்னும் கொஞ்சம் நம்புவேன்.

எழுத்தரின் கையையும் மறக்கக் கூடாது. தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவர் நம் பேச்சைக் கேட்டுவிட்டுத் தன் நடையில் ‘மேற்படி மனுதாரராகிய’ என்று தொடங்குவார் அல்லவா, அதே கதைதான் அங்கும். ‘இந்த வாக்குமூலதாரர்’ என்று படர்க்கையில் ஓடும் வாக்கியங்கள் ஒரே மாவட்டத்தில் ஒரே அச்சில் வார்த்ததுபோல் வரும். முப்பாட்டனின் குரலைக் கேட்டேன் என்று சிலர் பரவசப்படுவது பெரும்பாலும் ஒரு வக்கீலின் குரலைக் கேட்டுத்தான்.

மோசடியும் நடந்தது. முகவர்கள் பங்கு பேசிக்கொண்டு மனுக்களைத் திரட்டினார்கள். 1834-இல் மேற்கு வர்ஜீனியாப் பகுதியில் சிங்கிள்டன் என்ற அரசு வழக்கறிஞர் நேரில் போய் விசாரித்தபோது, போர் நடந்த காலத்தில் குழந்தையாக இருந்தவர்கள்கூட வீரராகப் பணம் வாங்குவது வெளிப்பட்டது. ஆனால் அவர் குறிப்புகளும் குற்றம் தேடிப் போனவரின் குறிப்புகள். இரண்டு கட்சிக்காரர்களின் தாள்களை எதிரெதிரே வைத்துப் படிப்பதைத் தவிர வழியில்லை.

விதவைகளின் கோப்புகள் தனி ரகம். 1836-ஆம் ஆண்டுச் சட்டம், கணவரின் படைப்பணி முடியுமுன்பே மணந்தவர்களுக்கு மட்டும் என்றது. 1838-இல் அந்த எல்லை 1794-க்கு முன் என்றும், 1848-இல் 1800-க்கு முன் என்றும் தளர்ந்தது. 1853-இல் தேதி வரம்பே எடுபட்டது. கல்யாணத்தை நிரூபிக்கப் பதிவேடு இல்லாத பெண்கள், குடும்ப பைபிளில் பிறப்பு இறப்பு எழுதிவைத்த பக்கத்தைக் கிழித்து வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். அவை இன்னும் அந்த உறைகளுக்குள்ளேயே இருக்கின்றன. எல்லாப் பிள்ளைகளின் பெயரும் பிறந்த நாளும் ஒரே தாளில்! வம்சாவளி தேடுவோருக்கு இதைவிட என்ன வேண்டும். ஆனால் கணவரின் போர் பற்றி விதவை சொல்வது, திண்ணையில் கேட்ட கதை. எல்லைத் தேதிக்குச் சற்று முன்னால் விழும் திருமணத் தேதியையும் இருமுறை பார்ப்பது நல்லது.

இவ்வளவும் கோப்பின் குறைகள். தேடுபவரின் குறை ஒன்று உண்டு. அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. பெயர் ஒத்துப்போனால் ஆள் ஒன்றே என்று முடிவு கட்டுவது. ஒரே மாவட்டத்தில் மூன்று வில்லியம் மூர் இருந்தால், கோப்பு வைத்திருப்பவரைத் தன் முப்பாட்டனாக்கிக்கொள்ளும் ஆசையை அடக்குவது கடினம். வயது, மனைவி பெயர், இடம்பெயர்ந்த ஊர்கள் மூன்றும் பொருந்தாமல் கோப்பைத் தன் மரத்தில் ஒட்டுபவர் வேறொருவரின் பாட்டனுக்குத் திதி கொடுக்கிறார்.

கோப்பின் முகப்பில் ஓர் எழுத்து இருக்கும். எஸ் என்றால் உயிரோடிருந்த வீரர், டபிள்யூ என்றால் விதவை, ஆர் என்றால் தள்ளுபடி. ஆர் என்று கண்டதும் முன்னோர் போலி என்று முகம் சுளிப்பவர்கள் ஜெஹு கிராண்டின் கோப்பைப் படிக்க வேண்டும். ரோட் தீவில் அடிமையாக இருந்த அவர் 1777-இல் எஜமானிடமிருந்து தப்பி, விடுதலைப் படையில் சேர்ந்தார். பத்து மாதம் போல் பணியாற்றினார். எஜமான் தேடி வந்து மீட்டுக்கொண்டு போனார். 1832-இல் முதியவராக ஓய்வூதியம் கேட்டபோது, ஓடிப்போன அடிமையாக இருந்தபோது செய்த பணி சட்டத்துக்குள் வராது என்று தள்ளிவிட்டார்கள். அவர் பணியாற்றியதை யாரும் மறுக்கவில்லை. 1836-இல் மறுபடி எழுதினார். ஊரெங்கும் விடுதலைக் கம்பம் நட்டுச் சுதந்திரம் என்று எல்லோரும் முழங்கும்போது தனக்கும் அந்த ஆசை வந்தது இயல்புதானே என்ற தொனியில் போகிறது அந்தக் கடிதம். மீண்டும் தள்ளுபடி. ஏற்கப்பட்டிருந்தால் அந்த இரண்டாவது கடிதம் எழுதப்பட்டே இருக்காது. தள்ளுபடியானவர்கள் வாதாட வேண்டியிருந்தது. வாதாடியதால் அதிகம் சொன்னார்கள்.

எதிர்த் திசையிலும் ஒரு வேடிக்கை. விடுதலைப் போருக்காக ஓய்வூதியம் பெற்ற கடைசி வீரராக 1869-இல் இறந்த டேனியல் பேக்மனிடம், தான் படையில் இருந்ததைக் காட்ட உருப்படியான சான்று இல்லை. 1867-இல் காங்கிரஸ் தனிச் சட்டம் போட்டு ஆண்டுக்கு 500 டாலர் கொடுத்தது. சான்று இல்லாதவர் வரலாற்றில் ஏறினார்; சான்று இருந்தும் கிராண்ட் ஏறவில்லை.

கோப்பே இல்லாதவர்கள் இவர்கள் எல்லோரையும்விட அதிகம். போரில் மாண்டவர், 1800-லோ 1810-லோ காய்ச்சலில் போனவர், பின்னே மனைவியும் போனால், அவருக்குப் பெரும்பாலும் உறை இருக்காது. 1832 வரை உயிரோடிருக்க ஒருவர் போரின்போது இளைஞராக இருந்திருக்க வேண்டும். அதனால் இந்தக் கோப்புகளை மட்டும் வைத்துப் பார்த்தால், அந்தப் போரைப் பதினாறு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளே நடத்தியதுபோல் தோன்றும். முப்பதும் நாற்பதும் கடந்து துப்பாக்கி தூக்கியவர்கள் மறைந்துபோனார்கள். தொகுப்புகள் இதற்கு மேலும் சாயம் பூசின. ஜான் டேன் 1980-இல் வெளியிட்ட ‘தி ரெவல்யூஷன் ரிமெம்பர்டு’ அருமையான நூல். ஆனால் அதில் இருப்பவை 79 வாக்குமூலங்கள். நன்றாகக் கதை சொன்ன 79 பேர். அதைப் படித்துவிட்டுத் தன் மூதாதையின் கோப்பைத் திறப்பவருக்கு ஏமாற்றம் நிச்சயம்.

இந்த மறைந்துபோனவர்கள் விஷயத்தில்தான் இப்போது ஓர் அசைவு தெரிகிறது. இத்தனை காலமும் காப்பகத்தின் சுட்டி பெரும்பாலும் மனுவுக்குரிய வீரரின் பெயரில்தான் இருந்தது. சாட்சி சொன்ன அண்டை வீட்டுக்காரர், பக்கத்தில் சுருண்டு படுத்த தோழன், இறந்துபோன கேப்டன் யாரும் சுட்டியில் இல்லை. உள்ளே பக்கம் பக்கமாகப் புதைந்துகிடந்தார்கள். 2023 முதல் தேசிய ஆவணக் காப்பகமும் தேசியப் பூங்காத் துறையும் தன்னார்வலர்களைக் கொண்டு இந்தக் கையெழுத்துப் பக்கங்களை எழுத்தெழுத்தாகப் படியெடுத்து வருகின்றன. பக்கங்கள் இருபது இலட்சத்துக்கும் மேல். படியெடுத்த பகுதிகளில், தன் பாட்டன் பெயரில் கோப்பில்லாத ஒருவர், பாட்டனோடு ஒரே கம்பெனியில் இருந்த வேறு யாரோ ஒருவரின் மனுவில் அந்தப் பெயரைத் தேட முடிகிறது. அப்படிக் கிடைக்கும் வரி சிறியதாகத்தான் இருக்கும்: இன்னார் எங்களோடு இருந்தார், இன்ன ஆற்றங்கரையில் காய்ச்சலில் இறந்தார். அந்த வரியைச் சொன்னவர் தனக்காகப் பணம் கேட்டவர். இறந்தவனைப் பற்றி மிகைப்படுத்த அவருக்கு எந்தத் தேவையும் இருக்கவில்லை.