வேளாங்கண்ணிக்கு டிரம்பெட்டோடு: இரண்டு பெட்டி, ஓர் ஈரப்பதமானி, ஒரு தண்ணீர்ப் புட்டி

ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். அந்த நாட்களில் வேளாங்கண்ணிக்கு வாசிக்கப் போகிற பேண்டு செட்காரர்கள் முதலில் விசாரிப்பது "நல்ல கேஸ் எது?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கடற்கரையில் பித்தளை வாத்தியத்தைக் காப்பதில் பெட்டிக்கு இரண்டாம் இடம். முதலிடம் நல்ல தண்ணீருக்கு. கடலோர வாசிப்புகளில் இரண்டு வகைப் பெட்டிகளை, உள்ளே வைக்கிற சாமான்களோடு சேர்த்துப் பயன்படுத்திப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன். வாத்தியம் யமஹா 2330 டிரம்பெட்: மஞ்சள் பித்தளை, மேலே லேக்கர் பூச்சு, மோனல் பிஸ்டன்கள்.

முதல் பெட்டி, கடைகளில் அதிகம் கிடைக்கிற ஜிப் வகை. உள்ளே தெர்மோகோல் அச்சு, மேலே வெல்வெட், வெளியே நைலான் துணி. தோளில் மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழையலாம், பஸ்ஸில் லக்கேஜ் தட்டில் அடங்கும். இரண்டாவது, கேமரா, ட்ரோன் வைக்கிற கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டி. மூடியின் விளிம்பு முழுக்க ரப்பர் வளையம், உள்ளே வெட்டிப் பொருத்திய நுரை. இதற்குள் மணலும் போகவில்லை, சாரலும் போகவில்லை. வேனில் மேலே டிரம்மை ஏற்றினாலும் பெல் நசுங்கவில்லை. ஜிப் பெட்டியிலோ பற்களுக்கு நடுவே மணல் சிக்கியது; உலோக இழுப்பான் வெள்ளை பூத்து இறுகிவிட்டது. ஜிப் வகைதான் வேண்டுமென்றால் பல்லும் இழுப்பானும் பிளாஸ்டிக்காக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இதோடு நிறுத்தினால் கெட்டிப் பெட்டிக்கே வெற்றி. உள்ளே ஈரப்பதமானி வைத்துப் பார்த்தால் அப்படி இல்லை.

இது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சின்ன டிஜிட்டல் கருவி. சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சேறு பதம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, கருவியோடு சேர்த்து ஜிப்லாக் பையில் இறுக மூடி ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும். நனைந்த உப்புக்கு மேலே அடைபட்ட காற்று அந்த அளவில்தான் நிலைக்கும். என்னுடையது கொஞ்சம் கூட்டிக் காட்டியது; எவ்வளவு என்பதைப் பின்பக்கம் டேப்பில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அந்த 75 வாத்தியத்துக்கும் முக்கியமான எண். காற்றின் ஈரப்பதம் அதைத் தாண்டினால், குழாயில் படிந்த உப்புத் துகள் தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும், அரிப்பும் தொடங்கிவிடும். கடலுப்பில் கலந்திருக்கிற மக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். கடற்கரையில் அவ்வளவு வறண்ட காற்றை எதிர்பார்க்க முடியாது. ஆக, உப்பு மேலே இருக்கிறவரை எந்தப் பெட்டியும் முழுக் காவல் இல்லை. இந்தப் பித்தளையில் செம்பு சுமார் 70 பங்கு, துத்தநாகம் 30. குளோரைடு ஈரம் முதலில் துத்தநாகத்தைக் கரைத்துக்கொண்டு போகும். லேக்கர் உரிந்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தால், அங்கே மிஞ்சியிருப்பது செம்பு. இடது கை பிடிக்கிற வால்வு உறைகளிலும், வியர்வையைக் குடித்து வைத்திருக்கும் லெதர் பட்டைக்கு அடியிலும் தேடிப் பாருங்கள்.

ஆகவே என் மதிப்பெண் பட்டியலில் முதலில் நிற்பது ஸ்ப்ரே மூடி வைத்த ஒரு புட்டி. அதில் கேன் தண்ணீர் நிரப்ப வேண்டும். கடலோரத்துப் போர்த் தண்ணீரை நம்ப வேண்டாம், அதுவே உப்பாக இருக்கும். தேர்பவனி முடிந்ததும் மைக்ரோஃபைபர் துணியை நனைத்து ஒற்றி எடுக்கிறேன். தேய்த்தால் மணல் கீறிவிடும். பிறகு உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு. செட்டுக்குப் புதிதாக வந்த பையன் ஒருவன் பதறிப்போய், "அண்ணே, தண்ணி பட்டா பித்தளை கெட்டுடாதா?" என்றான். "ஊதுறப்ப உள்ள பூரா தண்ணிதானடா தம்பி" என்று ஸ்லைடைக் கழற்றிக் கவிழ்த்துக் காட்டினேன்.

அந்த உள் தண்ணீர்தான் கெட்டிப் பெட்டிக்குச் சோதனை. வாசித்த சூட்டோடு வைத்து மூடினால் ஈரப்பதமானி கிடுகிடுவென்று 80-ஐத் தாண்டி, விடியும்வரை அங்கேயே நிற்கிறது. வெளி ஈரத்தை உள்ளே விடாத ரப்பர் வளையம், உள் ஈரத்தையும் வெளியே விடுவதில்லை. ஸ்லைடுகளை வடித்து, கயிற்றுத் துணியை லெட்பைப்புக்குள் விட்டு இழுத்து, சற்று ஆறவிட்டு, சிலிக்கா ஜெல்லோடு மூடினால் அதே பெட்டி காலையில் 50-க்குக் கீழே காட்டுகிறது. ஜிப் பெட்டிக்குள் வெளிக்காற்று வந்துகொண்டே இருப்பதால் ஜெல் சீக்கிரம் ஓய்ந்துவிடுகிறது. ஜெல்லில் ஆரஞ்சு மணி வகையை வாங்குங்கள். ஈரம் ஏறினால் பச்சையாகும், ஓவனில் 100–120 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் பழைய நிறம் திரும்பும். நீலம் இளஞ்சிவப்பாக மாறுகிற வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது; வாயில் வைத்து ஊதுகிற வாத்தியத்தின் பக்கத்தில் அது வேண்டாம்.

ஏசி அறையில் தங்குகிறவர்கள் கவனிக்க: வெளியே 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்றால் பனிப்புள்ளி சுமார் 26 டிகிரி. 24 டிகிரியில் குளிர்ந்த வாத்தியத்தை வெளியே எடுத்தால் மேலெல்லாம் வியர்த்துவிடும். பெட்டியை மூடியபடியே வெளியே வைத்து, உள்ளேயும் வெப்பம் ஏறிய பிறகு திறக்க வேண்டும். கெட்டிப் பெட்டியின் நுரை தடிமன் என்பதால் இதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கிறது.

திருவிழாவுக்குப் பளபளப்பு வேண்டும் என்று பாலிஷ் போடுகிறவர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன்: அம்மோனியா கலந்த பாலிஷ் வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த ஆங்கிலேயப் படையின் பித்தளைத் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், குளிர்நிலையில் இழுத்து உருவாக்கியபோது உலோகத்துக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-இல் விளக்கம் வந்தது. டிரம்பெட்டின் வளைவுகளிலும் அந்த இறுக்கம் இருக்கக்கூடும். குத்துவிளக்குக்குப் போடுகிற புளியும் இங்கே ஆகாது. லேக்கர் பூசிய வாத்தியத்துக்கு ஈரத்துணியே போதும்.

பிளாஸ்டிக் டிரம்பெட்டையும் வாசித்துப் பார்த்தேன். உப்பால் அதன் உடம்புக்குக் கேடில்லை, மணலில் வைத்தாலும் மனம் பதறாது. தெருவில் தனியாக வாசிக்க நன்றாகவே இருக்கிறது; செட்டோடு சேரும்போது மேல் ஸ்தாயியில் ஒலி மெலிந்துவிடுகிறது. கற்றுக்கொள்கிற பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போக வாங்கலாம், தேர்பவனிக்கு வேண்டாம்.

வேனில் சாமான்களோடு போகிறவர்கள் கெட்டிப் பெட்டியும் ஈரப்பதமானியும் வாங்கலாம். பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஜிப் பெட்டியே சரி. ஜெல்லை மட்டும் அடிக்கடி மாற்ற வேண்டும். புட்டியும் துணியும் எல்லோருக்கும். ஊர் திரும்பியதும் வால்வுகளைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் வாத்தியத்தை அலசி, நன்றாக உலரவிட்டு, பிஸ்டனுக்கு எண்ணெயும் ஸ்லைடுக்குக் கிரீஸும் புதிதாகப் போடுங்கள். வெந்நீர் வேண்டாம், லேக்கர் உரிந்துவிடும்.