டங்கன் கொலையும் தாம்பரத்துப் பாடமும்

ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்தில் அரசன் டங்கனை மக்பெத் கொல்வதை நாம் பார்ப்பதே இல்லை. இரண்டாம் அங்கத்திலேயே, மேடைக்கு வெளியே, அது முடிந்துவிடுகிறது. எஞ்சிய நாடகம் முழுவதும் கொலைக்குப் பின் நடப்பது. அந்தப் பின்விளைவை ஒரு மனிதனின் ஆன்மா அழியும் கதையாகப் படிப்பது சென்னைக்குப் பழகிய முறை. அதற்கு அழுத்தமான வடிவம் தந்தவர் சென்னைக் கிறித்தவக் கல்லூரி முதல்வர் வில்லியம் மில்லர்.

மில்லர் 1838-இல் ஸ்காட்லாந்தின் வடகோடியான கெயித்னஸ் பகுதியில் பிறந்தவர். கெயித்னஸ் பிரபு இந்த நாடகத்திலேயே ஒரு பாத்திரம். 1862-இல் சென்னைக்கு வந்த மில்லர், ஜார்ஜ் டவுனில் அந்தக் கல்லூரியை வளர்த்தார். 1937-இல் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்குள்ள நூலகம் அவர் பெயரில்தான் இருக்கிறது. 1900-ஐ ஒட்டி அவர் எழுதிய ஷேக்ஸ்பியர் நூல்களில் லியர் மன்னனை இந்திய அரசியலோடு சேர்த்துப் பேசினார். மக்பெத்துக்கு ஆன்மாக்களின் அழிவைத் தலைப்பாக்கினார்.

இந்த வாசிப்பின் பலத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. தூக்கம் தொலைந்த அரசன், விருந்தில் ஆவியைக் கண்டு அலறுபவன், உறக்கத்தில் நடந்தபடி கையைக் கழுவிக்கொண்டே இருக்கும் மனைவி: இவர்களைப் புரிந்துகொள்ள ஸ்காட்லாந்து வரலாறு தெரிய வேண்டியதில்லை, குற்ற உணர்வு தெரிந்தால் போதும். ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டும் மாணவனுக்கு இதைவிட நேரான நுழைவாயில் கிடையாது.

ஆனால் நாடகத்தின் சரிபாதி இதில் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. தொடக்கத்திலேயே மக்பெத் ஒரு கலகக்காரனைத் தொப்புளிலிருந்து தாடை வரை பிளந்து, தலையைக் கோட்டை மதிலில் வைத்தான் என்ற செய்தி வருகிறது. டங்கன் மகிழ்ந்து புகழ்கிறான், பட்டம் தருகிறான். கடைசியில் மக்பெத்தின் தலை வருகிறது. புது அரசனான டங்கனின் மகன் மால்கம் பட்டங்களை வழங்குகிறான். வெட்டியவனுக்கு விருது என்ற அரசவை வழக்கம் அப்படியே இருக்கிறது. பேராசை ஒருவனைக் கெடுத்தது என்று தேர்வுத்தாளில் எழுதும்போது இது எங்கும் வருவதில்லை. சக தளபதி பாங்க்வோ மக்பெத்தைச் சந்தேகிக்கிறான். தன் வம்சத்துக்கு அரசு வரும் என்ற ஆசையில் வாயைத் திறப்பதில்லை. அந்த மௌனத்துக்கும் விடைத்தாளில் இடமில்லை.

தழுவல் இன்னொரு வழி. பம்மல் சம்பந்த முதலியாரின் பூர்வீக ஊரான பம்மல் இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள் இருக்கிறது. 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய அவர் மக்பெத்தை 'மகபதி'யாகத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலம் அறியாதவர்களுக்கும் ஷேக்ஸ்பியரின் கதைகளைத் திறந்துவிட்ட பெரும்பணி அது. ஆயினும் இத்தகைய தழுவலில் ஓர் ஆபத்து உண்டு. பழைய ஸ்காட்லாந்தில் அரியணை தந்தையிடமிருந்து மகனுக்கு என்று உறுதியாகவில்லை. டங்கன் தன் மகனை வாரிசாக அறிவிப்பது மக்பெத்துக்கு அடியாக விழுவதன் பின்னணி இது. மூத்த மகனுக்கே முடி என்று கேட்டு வளர்ந்த நமக்கு அது வெறும் பொறாமையாகத் தெரிகிறது. வரலாற்று மக்பெத்தோ 1040-இல் போரில் டங்கனை வீழ்த்தி, பதினேழு ஆண்டுகள் ஆண்டவன்.

பின்விளைவைப் படிக்க நான் பரிந்துரைப்பது ராஸ் என்ற பிரபுவை. கொலைக்குப் பிறகு வரும் சிறு காட்சியில் இன்னொரு பிரபுவான மக்டஃப், மக்பெத்தின் முடிசூட்டு விழாவுக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்புகிறான். ராஸ் விழாவுக்குப் போகிறான். மக்பெத்தின் விருந்திலும் ராஸ் இருக்கிறான். மக்டஃபின் மனைவியைப் பார்த்துப் பேசுகிறான். அவன் கிளம்பிய சற்று நேரத்தில் கொலைகாரர்கள் வருகிறார்கள். பிள்ளைகளும் தப்பவில்லை. அந்தச் செய்தியை மக்டஃபிடம் கொண்டுபோவதும் ராஸ்தான். தயங்கித் தயங்கி, முதலில் அவர்கள் நலம் என்கிறான். முடிவில் மால்கம் பக்கம் நிற்கிறான்.

ராஸை எந்த ஆவியும் துரத்துவதில்லை, அவன் தூக்கம் கெட்டதாக ஒரு வரிகூட இல்லை. ஆன்மாவின் அழிவை மட்டும் தேடும் வாசிப்பு அவனைத் தூதுவன் என்று கடந்துபோகும். டங்கனுக்கும் மக்பெத்துக்கும் மால்கமுக்கும் ஒரே மாதிரி வணங்கிய இவனைப் போன்றவர்கள்தான் கொலைக்குப் பின்னும் அரசவையை நடத்துகிறார்கள். மில்லர் லியருக்குத் தந்த அரசியல் கண் இந்த நாடகத்துக்கும் வேண்டும்.